கோபக்காரனுக்குக் கிடைத்த ஃப்ரீகிக்

லாரி தோட்டத்து வாசலைத் தாண்டியதும் பந்தாடப் போகும் நாங்கள் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் கத்துவோம். ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு ரெம்பாவ் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து அந்தச் சத்தம் கிளம்பும். வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட அவசரகாலம் அது. வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி இடுப்பைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஆறு மணிக்கு வாசல் மூடிவிடும். அதற்குள் திரும்பியாக வேண்டிய அந்த நாலு மணி நேரம்தான் எங்களுக்கு உலகம். பந்து இரண்டாம்பட்சம் என்றுகூடச் சொல்லலாம், ஆனால் சொன்னால் என் கால்கள் என்னை மன்னிக்காது.

அந்த உலகத்தை இழுத்து மூடிய புண்ணியவானும் நான்தான். அப்போது எனக்குப் பதினேழு வயது. அதற்கு முந்தின வருடம் வரை இடது பக்கம் ஓடியவன் என் அண்ணன். ஒரு காலையில் பெரட்டுக் களத்தில், பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, போலீஸ் வந்து அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. கடிதம் இல்லை, சேதி இல்லை. தப்பித்துக் காட்டுக்குப் போய்விட்டான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அன்றிலிருந்து தோட்டத்தில் ஒருவரும் அவன் பேரை எடுப்பதில்லை. எங்கள் வீட்டிலேயே எடுப்பதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மந்தின் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தோடு ஆடிய ஆட்டத்தில் அவர்களுடைய தடுப்பாட்டக்காரன், ஒரு தடியன், என் காதருகே வந்து கேட்டான்: “ஒங்கண்ணன் காட்டுல சொகமா இருக்கானா?” பந்தை விட்டுவிட்டு அவனை உதைத்தேன். இரண்டு தோட்டமும் கட்டிப் புரண்டது. காவலுக்கு வந்த போலீஸ்காரர் வானத்தைப் பார்த்துச் சுட்ட பிறகுதான் ஓய்ந்தோம். இனிமேல் பந்தும் கிடையாது, லாரியும் கிடையாது என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். சட்டை எப்போதும் வெள்ளை. பந்து உதைத்தால் கோணலாகத்தான் போகும். ஆனால் யாருக்கு எப்போது மூச்சு வாங்கும், யாருக்கு எப்போது மூக்கு விடைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. துரையிடம் இரண்டு மாதம் நடையாய் நடந்து ஒரே ஓர் ஆட்டத்துக்கு அனுமதி வாங்கினார். அதே மந்தின் அணியோடு. துரையே வந்து பார்ப்பார். ஓர் அடி விழுந்தாலும் அதோடு சரி. என்னை எடுக்க வேண்டாம் என்று மற்ற பத்துப் பேரும் சொன்னார்கள். அதில் நியாயம் இருந்தது. டிரசர் மசியவில்லை.

அவர் எனக்குப் புத்தி சொல்லவில்லை. என் கால் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டே கேட்டார்: “வேலைய மேப்பார்வ பாக்குற மண்டோர் கன்னாபின்னான்னு ஏசிட்டுப் போறாரு. கையில உளி இருக்கு. அடுத்த மரத்த எப்படி வெட்டுவ?”

“மொதல்ல கோட்டுப்பால உரிப்பேன்யா. நேத்து காஞ்ச பாலு வெட்டு மேல ஒட்டிக்கிட்டு இருக்கும்ல. அத உரிக்காம உளிய வெக்க முடியாது. உரிச்சு முடிக்கிறதுக்குள்ள கை நிதானத்துக்கு வந்துரும். இல்லன்னா மரத்துல காயம் விழுந்துரும்.”

அவர் மருந்துப் புட்டியைக் கீழே வைத்துவிட்டார். “இத்தன நாளா இத ஏன்டா சொல்லல?” என்றார், ஏதோ நான்தான் மறைத்து வைத்திருந்த மாதிரி. மறுநாளிலிருந்து எங்கள் பயிற்சியே மாறிவிட்டது. டிரசர் எங்கள் காலை இடறிவிடுவார், வம்புக்கு இழுப்பார், நாங்கள் விரலால் காற்றில் ஒரு கோட்டுப்பாலை இழுத்து உரித்து எறிந்துவிட்டு ஓட வேண்டும். முதல் வாரம் சிரித்துச் சிரித்தே ஆட்டம் கெட்டது. இத்தனை வருடம் கழித்து இப்போது லோபாக்கில் பள்ளிக்கூடப் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரத்தைக் கிட்டத்தில் பார்த்திராத பிள்ளைகள். அவர்களிடம் கோட்டுப்பால் கதை எடுபடாது, “கோபம் வந்தா உன் கை என்ன பண்ணும்?” என்று மட்டும் கேட்பேன்.

அந்த ஞாயிறு வந்தது. துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு அணியும் ஒவ்வொரு கோல் போட்டிருந்தோம். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் பந்தோடு வெட்டிக்கொண்டு போனேன். தடியன் காலை நீட்டினான். குப்புற விழுந்தேன். நடுவர் விசில் ஊதி ஃப்ரீகிக் கொடுத்தார். தடியன் இந்த முறை காதருகே வரவில்லை, ஊருக்கே கேட்கும்படி அதே கேள்வியைக் கேட்டான். காது சூடாகிவிட்டது. காற்றில் ஒன்று உரித்தேன், போதவில்லை. மூன்று உரித்தேன். கை நிதானத்துக்கு வந்தது.

திரும்பிப் பார்த்தால் டிரசர் மருந்துப் பெட்டியைக் கையில் ஓங்கியபடி திடலுக்குள் ஓடி வருகிறார். துரை எழுந்துவிட்டார். காவல்காரர்களின் துப்பாக்கி தோளிலிருந்து இறங்கியது. நான் பாய்ந்துபோய் அவரைக் கட்டிப் பிடித்தேன்.

“விடுறா. அவன் என்ன சொன்னான்னு கேட்டியா?”

“கேட்டேன்யா. நீங்க உரிங்க மொதல்ல.”

மற்ற பத்துப் பேர் விரலும் காற்றில் உரித்துக்கொண்டிருந்தன. மெல்ல அவரும் ஒன்றை உரித்து எறிந்தார். நடுவர் அவரைத் திடலுக்கு வெளியே அனுப்பினார். தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ஃப்ரீகிக்கை உதைத்தேன். பந்து தடியனின் தொடையில் பட்டுத் திசை மாறிக் கோலுக்குள் புகுந்தது. அடித்தது நான், போட்டுக்கொடுத்தது அவன். இரண்டுக்கு ஒன்று. அடுத்த ஞாயிறு யாரோடு ஆட்டம் என்று துரை கேட்டபோது நாங்கள் போட்ட கூச்சலில் அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

திரும்பும் லாரியில் டிரசர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “ஒங்கண்ணனா இருந்தா தொடையில பட்டிருக்காது. நேரா மூலையில போட்டிருப்பான்.”

ஒரு வருடமாக யாரும் வாயில் எடுக்காத ஆள். கோல்கீப்பர்தான் முதலில் வாயைத் திறந்தான்: “ஆமாய்யா. அவன் உதைச்சா என் கை ரெண்டு நாளைக்கு வீங்கும்.” இன்னொருவன் ரெம்பாவ் ஆட்டத்தை எடுத்தான். மற்றவன் அது ரெம்பாவ் இல்லை என்று சண்டைக்கு வந்தான். சிரிப்பும் சத்தமுமாக எல்லோரும் என் அண்ணனைப் பற்றியே பேசினார்கள். நான் மடியில் பந்தை வைத்துக்கொண்டு, வெட்கமே இல்லாமல் அழுதேன். முள்கம்பி கண்ணில் பட்டதும் பேச்சைக் குறைப்பார்கள் என்று நினைத்தேன். குறைக்கவில்லை.