பூட்டி வைத்த சர்க்கரை

போன வருடம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உடுமலைப்பேட்டையில் என் அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோன நாள். மத்தியானச் சாப்பாட்டுக்காவது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போ என்று நாலு தடவை போன் செய்துவிட்டார். என் கணவர் முதல் நாளே கிளம்பிப் போய்விட்டார். மாப்பிள்ளை இல்லாமல் பால் காய்ச்சினால் பால் பொங்காதாம். அவருடைய அம்மாவைப் பார்த்துக்கொள்ள மருமகள் இருக்கும்போது அவருக்கென்ன?

நாங்கள் இருப்பது கோவையில், ஊரின் ஓரமாகப் புதிதாக வந்த ஒரு குடியிருப்பில். மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஞாபகம் தப்பி அப்போதே நாலு வருடம் ஆகியிருந்தது. சர்க்கரை நோய் அதற்கும் முன்பிருந்தே உண்டு, இரண்டு வேளை இன்சுலின் ஊசி. அந்த நாலு வருடத்தில் நான் வெளியூர்ப் பஸ் ஏறியதே இல்லை. தெரிந்தவர் ஒருவர்தான் சொன்னார், ஒரு நாள் மட்டும் வீட்டுக்கு வந்து முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிறார்கள், நீயும் மூச்சு விட்டுக்கொள் என்று.

காலை ஏழு மணிக்கே வந்துவிட்டாள் அந்தப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். ஊசி எத்தனை அளவு, மாத்திரை எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். வீட்டில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்றும் கேட்டாள். வந்த உடனே டீக்கு அடி போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் யாரும் இனிப்புப் போட்டுக் குடிப்பதில்லை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று உள்ளே போய்விட்டேன்.

சர்க்கரை இருந்தது. ஆனால் பூட்டி இருந்தது. மாமியாருக்கு மற்றதெல்லாம் மறந்தாலும் இனிப்பு மட்டும் மறக்கவில்லை. கண் அசந்தால் சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்து அள்ளித் தின்பார். அதனால் சர்க்கரை, வெல்லம், தேன், பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் படுக்கையறையில் இருந்த மர அலமாரியில் வைத்துத் திண்டுக்கல் பூட்டுப் போட்டிருந்தேன். வீட்டில் பூட்டுகிற அலமாரி அது ஒன்றுதான். என் நகைப்பெட்டியும் அதில்தான் இருந்தது.

நானே ஊசியைப் போட்டேன். இரண்டு இட்லியைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுப் புடவை கட்டப் போனேன். திரும்பி வந்தால் தட்டு காலி. சாப்பிட்டுவிட்டார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சாவி என் கைப்பையில்.

பஸ் கிணத்துக்கடவைத் தாண்டியிருக்கும். ஜன்னலோரச் சீட்டு, நல்ல காற்று. நாலு வருடத்தில் முதல் தடவையாக எதையும் யோசிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் போன் வந்தது.

"அக்கா, பெரியம்மாளுக்கு வேர்த்துக் கொட்டுதுங்க. சுகர் பாத்தனுங்க, நாப்பத்தெட்டுதான் காட்டுது. தலகாணிக்கு அடியில ரெண்டு இட்லியும் அப்படியே கெடக்குதுங்க. சக்கரை எங்கீங்க இருக்குது?"

ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், உடனே இனிப்புக் கொடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. சாப்பாட்டை ஒளித்து வைக்கிற பழக்கம் அவருக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் தலையணையைத் தூக்கிப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை. பால் கொடுத்துப் பார்த்தாளாம், இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டாளாம், வர இருபது நிமிடம் ஆகுமாம். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. கடை இரண்டு தெரு தள்ளி. அவரைத் தனியே விட்டுவிட்டு அவ்வளவு தூரம் ஓட முடியாது. சர்க்கரை அலமாரியில் இருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

"பூட்ட ஒடச்சுப்போடட்டுங்களா?"

இதை எழுதத்தான் கை கூசுகிறது. நான் உடனே பதில் சொல்லவில்லை. கண்முன்னே வந்தது மாமியாரின் முகம் இல்லை, அலமாரியின் மேல்தட்டில் இருந்த நகைப்பெட்டி. வந்து மூன்று மணி நேரம்கூட ஆகாதவள், வீட்டில் வேறு யாரும் இல்லை, அலமாரியை உடைக்கச் சொல்கிறோமே என்று கணக்குப் போட்டது என் மனது.

"அக்கா, கேக்குதுங்களா? கண்ணு சொருகுதுங்க."

"ஒடச்சுப்போடு கண்ணு" என்றேன். போன் கட்டாகிவிட்டது.

அதற்கப்புறம் எத்தனை தடவை அடித்தாலும் அவள் எடுக்கவில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, எதிர்ப்பக்கம் போய் வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினேன். கடைசியில் ஒரு வாடகைக் கார் நின்றது. வழியெல்லாம் போனை அடித்துக்கொண்டே வந்தேன். மணி போகிறது, ஆள் இல்லை. மாமியாருக்கு ஏதாவது ஆகியிருந்தால் கணவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு பயம். அந்தப் பெண் எடுத்துக்கொண்டு ஓடியிருந்தால் என்ற இன்னொரு பயமும் கூடவே வந்தது, விரட்ட விரட்டப் போகவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்றைக்குப் புத்தி மட்டு மட்டுமில்லை, கோணலும்கூட.

வாசலில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. செருப்போடு உள்ளே ஓடினேன். மாமியார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, யாருடைய கல்யாணம் என்று ஆம்புலன்ஸில் வந்தவரை விசாரித்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் சர்க்கரை ஒட்டியிருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அம்மிக்குழவியால் பூட்டை உடைத்திருக்கிறாள் அந்தப் பெண். முதலில் விழுங்க முடியாததால் சர்க்கரையை விரலில் தொட்டுக் கன்னத்தின் உள்பக்கம் தடவி, கொஞ்சம் தெளிந்த பிறகு சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்திருக்கிறாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, எண்பதைத் தாண்டிய பிறகு ஒரு இட்லியும் ஊட்டியிருக்கிறாள். தக்க நேரத்தில் செய்தார்கள் என்று ஆம்புலன்ஸ்காரர் சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மாளைத் தாங்கிப் பிடித்திருந்ததால் போனை எடுக்க முடியவில்லை என்று அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள் உள்ளங்கையில் பூட்டின் தகடு கிழித்து ரத்தம் உறைந்திருந்தது.

பிறகு என்னைப் படுக்கையறைக்குக் கூப்பிட்டாள். அலமாரியின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துத் தன் துப்பட்டாவால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாள்.

"சக்கரை டப்பா மட்டுந்தானுங்க எடுத்தேன். நீங்களே அவுத்து ஒருக்காப் பாத்துப்போடுங்க அக்கா. முன்னால வேலைக்குப் போன ஒரு ஊட்டுல, ரெண்டு நாள் கழிச்சுச் சொன்னாங்க."

எதைக் காணோம் என்று சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பார்க்க வேண்டாம் கண்ணு என்றேன். அவள் விடவில்லை, நகராமல் நின்றாள். முடிச்சை அவிழ்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியேதான் பெட்டியைத் திறந்தேன், ஒவ்வொன்றாகப் பார்க்கவும் செய்தேன். எல்லாம் வைத்தபடியே இருந்தன. அதற்கப்புறம்தான் அவள் துப்பட்டாவை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கை கழுவப் போனாள்.

இப்போதும் மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவள்தான் வருகிறாள். வந்ததும் நானே தலையணையைத் தூக்கிக் காட்டுகிறேன், அவளும் சிரிக்கிறாள். அன்றைக்குப் போனில் நான் பேசாமல் இருந்தபோது எதை யோசித்தேன் என்பது அவளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். தெரிந்தும், அடுத்த மாதம் கூப்பிட்டபோது ஒரு வார்த்தை கேட்காமல் "வாரனுங்க அக்கா" என்றாளே, அந்தப் பெருந்தன்மைக்கு முன்னால் இன்றுவரை நான் தலைகுனிந்துதான் நிற்கிறேன்.