கேஸ்கட் போன குக்கர் சத்தம்

காக்களூரில் என் மெக்கானிக் பட்டறைக்கு, வண்டியில் மாட்டினால் கோளாறைச் சொல்லும் ஸ்கேனர் வாங்கிய புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் ஜரீனா அக்கா, தன் பழைய பெட்ரோல் பிக்கப்போடு வந்தார். இன்ஜின் விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி ஆஃப் ஆனது.

ஸ்கேனரை மாட்டினேன். பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று எர்ரர் காட்டியது.

“கேஸ்கட் போன குக்கராட்டம் இஸ்ஸுனு சத்தம் வருதுப்பா,” என்றார் அக்கா.

“குக்கர நீ பாருக்கா, வண்டிய நான் பாத்துக்கறேன்,” என்றேன். பட்டறையே சிரித்தது. காற்றை அளக்கும் சென்சாரை மாற்றி, எர்ரரை அழித்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. ஒரு கம்பெனி கேட்டுக்குச் சற்று முன்னால் வண்டி நின்றுவிட்டது. நான் போவதற்குள் சாப்பாட்டுச் சங்கு ஊதியாகிவிட்டது. தொழிலாளிகள் கேட் கம்பி வழியாகச் சாம்பார் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கேனரை மாட்டினேன். அதே எர்ரர்.

“அந்த மெஷின கீழ வெச்சிட்டு, காத குட்த்து கேளு நைனா,” என்றார் அக்கா.

அக்கா ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடிக்க, நான் குனிந்தேன். இஸ்ஸ். இன்ஜினுக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாய் நுனியில் கிழிந்து, வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொண்டிருந்தது. நுனியை வெட்டி மாட்டியதும் வண்டி சீராக ஓடியது.

அக்கா திட்டவில்லை. “சாம்பார் ஆறிப்போச்சு,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓட்டிப்போனார்.

மெஷினும் அக்காவும் சொன்னது ஒன்றுதான். நான் சிரித்துக்கொண்டிருந்ததால் இரண்டுமே என் காதில் விழவில்லை.