உள்ளங்கை மேலே

தெருவில் யாராவது நின்று வணக்கம் சொன்னால் கையம்மா முதலில் அவர்கள் கையைத்தான் பார்ப்பாள். "கட்டைவிரல் இப்ப நல்லா மடங்குதா?" என்று கேட்டுவிடுவாள். ஆள் யாரென்று அதன் பிறகுதான் ஞாபகம் வரும். முகத்தை மறந்தாலும் மறப்பாளே தவிர, ஒரு தடவை பிடித்துப் பார்த்த கையை மறக்க மாட்டாள். ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் முழங்கை முதல் விரல் நுனி வரை அவள் ராஜ்ஜியம். கையம்மா என்பதும் நோயாளிகள் வைத்த பெயர்தான்.

அவள் அறையில் பெரிய மெஷின்கள் எதுவும் கிடையாது. ஒரு பலகையில் அடித்த கதவுக் கைப்பிடி, மூடி போட்ட டப்பாக்கள், துணிக் கிளிப்புகள், ஒரு சுத்தியல், சுருட்டி வைத்த துண்டு, அவ்வளவுதான். சோதனையெல்லாம் நோயாளி உள்ளே நுழையும்போதே முடிந்துவிடும். நாற்காலியை எந்தக் கையால் இழுக்கிறார், பையை எங்கே மாட்டியிருக்கிறார், சட்டைப் பொத்தானை எந்த விரலால் கழற்றுகிறார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அந்தத் துண்டுக்கு மட்டும் ஒரு தனி வேலை உண்டு. முன்கை திரும்பாதவர்கள் உள்ளங்கையை மேலே காட்டச் சொன்னால் தோளைச் சாய்த்து, முழங்கையை உடம்பிலிருந்து விலக்கி, திருப்பிவிட்டது போலக் கணக்குக் காட்டுவார்கள். அதனால் துண்டை விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் செருகிவிடுவாள். துண்டு விழுந்தால் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம். "என்கிட்டயா?" என்பாள், சிரித்துக்கொண்டே.

இப்படிப்பட்டவள் காதிலேயே ஒருத்தன் பூச்சுற்றினான். அதுவும் கூடப் பிறந்தவன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் ஏணியிலிருந்து விழுந்து வலது முழங்கை எலும்பு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகு உள்ளங்கை மேலே திரும்பவில்லை. சில்லறை வாங்கக் கையை நீட்ட முடியவில்லை, முகம் கழுவத் தண்ணீர் அள்ள முடியவில்லை. வேறு யாரிடமும் காட்ட விடாமல் தங்கச்சியே எடுத்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் முழங்கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு அவன் வருவான். துண்டைச் செருகி, முஷ்டியில் ஒரு பென்சிலைக் கொடுத்து, அது எவ்வளவு தூரம் சாய்கிறது என்று அளப்பாள். பிறகு சுத்தியலை அடிப்பிடியில் பிடிக்கச் சொல்வாள். அதன் கனமே கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பும். "உள்ளங்கை மேலே, அண்ணே. இன்னும் கொஞ்சம்."

பாதி தூரம் நன்றாக வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. எலும்பு தடுத்தால் கல்லில் முட்டியது போல இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இவன் கையில் கல் இல்லை. அவள் திருப்பும்போது தசைதான் எதிர்த்துப் பிடித்தது. பயம் என்று நினைத்தாள். விழுந்து அடிபட்டவர்களுக்கு அந்தப் பயம் சீக்கிரம் போகாது. வேறு எவனாவது அப்படிப் பிடித்திருந்தால் அவளுக்கு மூக்கில் வியர்த்திருக்கும். அண்ணன் என்றதும் அவள் விரல்கள் சொன்னதை அவளே கேட்கவில்லை.

அவன் கையில் இவளுக்கு அவ்வளவு அக்கறை இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மா எழுந்து நடமாட முடியாமல் படுக்கையோடு இருந்தாள். அரை வருஷம் கையம்மா வீட்டில், அரை வருஷம் அண்ணன் வீட்டில் என்பது ஏற்பாடு. அண்ணன் முறை வரும் நேரத்தில்தான் அவன் விழுந்தான். ஆளைத் தூக்கி நகர்த்த இரண்டு கையும் அடியில் போக வேண்டும், உள்ளங்கை மேலே பார்த்து. அது முடியாதவன் எப்படி வைத்துக்கொள்வான்? கை சரியாகட்டும் என்றாள். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்தாள். மற்ற நேரமெல்லாம் கையம்மா தலையில்தான் விடிந்தது.

இப்போது அவள் மணிக்கட்டே போய்க்கொண்டிருந்தது. கட்டைவிரல் பக்கமாக ஒரு வலி. கட்டைவிரலை மடக்கி முஷ்டிக்குள் வைத்து, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் தெரிந்துவிடும் என்று எத்தனை பேருக்குச் செய்து காட்டியிருப்பாள். தனக்கு மட்டும் செய்து பார்க்கவில்லை. கடைசியில் பக்கத்து அறைத் தோழிதான் அவள் கையைப் பிடித்துச் சாய்த்தாள். கையம்மாவுக்கு உயிர் போய் வந்தது.

"பைத்தியமாடி நீ? இன்னும் கொஞ்ச நாள் தூக்கினே, இந்தக் கையால யாருக்கும் வைத்தியம் பண்ண முடியாது. ஆபரேஷன் வரைக்கும் போயிடும்," என்று திட்டி, மணிக்கட்டுக்கு ஒரு கடினமான பட்டையை மாட்டி, மத்தியானமே வீட்டுக்கு விரட்டினாள்.

வழியெல்லாம் அண்ணனிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். அண்ணி கொஞ்சம் ஒத்தாசை செய்தால் போதும், பாவம் அவன் இன்னொரு கையால் சமாளிப்பான் என்று அவளே அவனுக்காகச் சப்பைக்கட்டும் கட்டிக்கொண்டாள்.

வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது. பகல் வேலைப் பெண்ணின் செருப்பைக் காணவில்லை. அண்ணன் செருப்பு இருந்தது.

அம்மாவின் அறைக்குள் அண்ணன் குனிந்து நின்றிருந்தான். இரண்டு முன்கைகளும் அம்மாவின் முதுகுக்கு அடியில். இரண்டு உள்ளங்கைகளும் மேலே. பூவைத் தூக்குவது போல அம்மாவைத் தூக்கித் தலையணைக்கு நகர்த்தினான். அதைப் பார்த்ததும் கையம்மாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். முழுசாகத் திரும்புகிறது! வாயைத் திறந்து கூப்பிடவே போனாள்.

"போதும்டா," என்றாள் அம்மா. "அவ வர்றதுக்குள்ள கட்டிக்கோ."

அண்ணன் கட்டில் ஓரத்தில் கிடந்த துணிப்பட்டையை எடுத்து முழங்கையைச் சுற்றினான். ஒரு முனையை அம்மா பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் அது பழகிய வேலை என்று பார்த்தாலே தெரிந்தது.

அவன் செய்ததைக்கூடக் கையம்மா தாங்கிக்கொண்டிருப்பாள். அம்மா பிடித்திருந்த அந்த முனையைத்தான் பார்க்க முடியவில்லை.

நிமிர்ந்த அண்ணன் அவளைப் பார்த்துவிட்டான். பட்டை தொங்கியது.

"இன்னிக்குத்தான் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தான்.

"அவனைத் திட்டாத," என்றாள் அம்மா. "நான்தான் சொன்னேன். அங்க போனா உங்க அண்ணி மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பா. இங்கன்னா நீ பாத்துப்ப. உனக்கென்ன, இதுதானே உன் வேலை."

கையம்மா தன் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். அது என்ன என்று கேட்கவில்லை.

"உக்காரு," என்றாள் கையம்மா அண்ணனிடம். தலையணை உறையைச் சுருட்டி, இடது கையால் அவன் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் செருகினாள். மேஜையிலிருந்த பென்சிலை அவன் முஷ்டியில் கொடுத்தாள். இந்தத் தடவை அவன் கையைத் தொடவில்லை.

"திருப்பு."

அவன் தலையைக் குனிந்துகொண்டே திருப்பினான். பென்சில் கடைசி வரை போய்ச் சாய்ந்தது. உறை விழவில்லை.

குணமான நோயாளிகளிடம் கடைசி நாளில் அவள் சொல்வது ஒன்று உண்டு. அதைச் சொன்னாள். "கை நல்லாயிடுச்சு. இனிமே நீங்க வர வேண்டியதில்லை."

பிறந்ததிலிருந்து அவனை அவள் 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. அண்ணனுக்கு முகம் செத்துப்போனது.

"அப்ப அம்மா?"

"அம்மாவைத் தூக்கிட்டுப் போற அளவுக்குத் திரும்புது. இப்பத்தானே பார்த்தேன். நாளைக்கு வண்டி கொண்டு வாங்க. இன்னிக்கு இங்கயே இருந்து நீங்களே பாத்துக்குங்க."

அம்மா அழுதாள். கையம்மா அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பொழுது சாயும் நேரத்தில் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கட்டில் கிறீச்சிட்டது. மனசு கேட்காமல் எழுந்து வந்து கதவிடுக்கில் பார்த்தாள். அண்ணன் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டை மடக்காமல், கனத்தை முன்கையில் வாங்கி அம்மாவைத் திருப்பிக்கொண்டிருந்தான். எல்லாம் அம்மா படுக்கையில் விழுந்த புதிதில் அவள் சொல்லிக்கொடுத்தது. ஒன்றைக்கூட அவன் மறக்கவில்லை. அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.