பூஜையில் வைத்த காம்பஸ்

அன்றைக்கு நான் முதலில் கையில் எடுத்தது எதை? மகளையா, காம்பஸையா?

என் கணவர் கூடத்துக்குள் வந்தபோது காம்பஸ் பீரோவின் மேல் இருந்தது. மகள் இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான். ஆபத்தான பொருளை முதலில் அகற்றுவதுதான் சரி என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன். அது உடைந்துவிடக் கூடாதென்று எடுத்து வைத்தேனோ என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். எத்தனை முறை யோசித்தாலும் அந்த அரை நிமிடம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

நாங்கள் பருத்திப்பட்டில், ஏரி தெரிகிற ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். நான் சிவில் எஞ்சினியரிங் படித்தவள். மகள் பிறந்தபோது ஒரு வருடம் என்று சொல்லி வேலையை விட்டேன். இப்போது அவளுக்கு நான்கு வயது. பழைய நில அளவைக் கருவிகளைச் சேர்க்கும் பழக்கம் இடைப்பட்ட காலத்தில் வந்தது. பூந்தமல்லியில் ஒரு காயலான் கடை வாசலில், எரிந்துபோன கிரைண்டர் மோட்டார்களுக்கு நடுவே ஒரு டம்பி லெவல் கிடந்தது. நிலத்தின் மேடு பள்ளத்தைப் பார்க்கும் சிறிய தொலைநோக்கி. கல்லூரி சர்வே முகாமில் நாங்கள் பத்துப் பேர் ஒன்றை வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம். இது அதைவிடப் பல தலைமுறை மூத்தது. முழுக்கப் பித்தளை. நீர்மட்டக் குழலுக்குள் குமிழி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னாம்மா, ஊட்டுக்காரரு சர்வேயரா?”

“இல்லண்ணா. நான்தான் படிச்சேன்.”

“நீயா? இடுப்புல கொயந்தய வெச்சுகினு எந்த நெலத்த அளக்கப் போற?”

சிரித்து வைத்தேன். அவர் அதைப் பழைய குத்துவிளக்கைப் போடுவது போலத் தராசில் போட்டார். “உள்ள கண்ணாடி கீது பாரு, அத்த நம்ம கணக்குல வெச்சுக்க,” என்றார்.

அதற்குப் பிறகு அவரே போன் செய்ய ஆரம்பித்தார். ஒரு நிலம் அளக்கும் சங்கிலி, சாய்வு பார்க்கும் கருவி, காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கடிகாரம் போன்ற உயரமானி என்று கண்ணாடி அலமாரி நிறைந்தது. ஒவ்வொன்றையும் வாங்கிய பிறகு, வாங்கியிருக்க வேண்டாமோ என்று இரண்டு நாள் யோசிப்பேன். ஆனாலும் மகள் மதியம் தூங்கும்போது அவற்றைத் துடைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. நான் எதையும் ஒருமுறை பார்த்து நம்புகிறவள் இல்லை. கேஸ் மூடியிருக்கிறதா என்று மாடிப்படியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பேன். தியோடலைட்டில் கோணம் அளக்கும்போதும் அப்படித்தான். ஒருமுறை அளந்துவிட்டுத் தொலைநோக்கியைத் தலைகீழாகத் திருப்பி, அதே கோணத்தை மறுபடி அளக்க வேண்டும். வீட்டில் அதைப் பதற்றம் என்கிறார்கள். சர்வே வகுப்பில் அதற்கு மதிப்பெண் கொடுத்தார்கள்.

போன ஆயுத பூஜைக்கு என் கருவிகளையும் பூஜையில் வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். கணவரின் லேப்டாப், மகளின் கிரேயான் டப்பா, அரிவாள்மனை, பக்கத்தில் என் பித்தளைச் சாமான்கள். சந்தனத்தின் ஈரம் பித்தளையின் மேல்பூச்சைக் கெடுக்கும் என்று படித்திருந்ததால், மரப்பெட்டிகளுக்கு மட்டும் பொட்டு வைத்தேன். அதில் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் அந்தக் காம்பஸை வாங்கியிருந்தேன். உள்ளங்கை அளவு, மூடி போட்டது, ராணுவத்தில் பயன்படுத்தும் வகை. உள்கண்ணாடியில் ஒரு மூலை உடைந்திருந்தது. விளிம்பைச் சுற்றிலும் வெளிறிய மஞ்சள் நிறத்தில் பொடி படிந்திருந்தது. இருட்டில் தெரிவதற்காகப் பழைய ராணுவக் காம்பஸ்களில் ரேடியம் கலந்த பூச்சு பூசுவார்கள் என்று சேகரிப்பாளர்களின் வாட்ஸாப் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். நான் விளக்கை அணைத்துப் பார்த்தேன். ஒளிரவில்லை. சரி, இது அதில்லை என்று விட்டுவிட்டேன். ஒளி செத்துப்போனாலும் ரேடியத்தின் கதிர்வீச்சு சாகாது என்பதை அதற்குப் பின்தான் படித்தேன். படித்த பிறகும், சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

கற்பூரம் காட்டி முடித்ததும் பொரியும் சுண்டலும் எடுக்க உள்ளே போனேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தால், காம்பஸ் திறந்து கிடக்கிறது. மகள் நெற்றியில் மூன்று கோடு.

“என்னடி இது?”

“துன்னூறு.”

“எங்கேர்ந்து எடுத்த?”

காம்பஸைக் காட்டினாள். என் குரலைக் கேட்டு அவளுக்கு அழுகை வரத் தொடங்கிவிட்டது.

“வாயில போட்டியா?”

“கொஞ்சூண்டு. துன்னூறு வாயிலயும் போட்டுக்கணும்னு நீதானே சொன்ன?”

நான்தான் சொன்னேன். கோயிலில் திருநீறு வாங்கினால் நெற்றியில் இட்டு, ஒரு சிட்டிகையை நாக்கில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அவள் முகத்தைக் கழுவினோம், வாயைக் கொப்பளிக்க வைத்தோம். குழந்தை டாக்டருக்கு விடுமுறை, ஆனாலும் போனை எடுத்தார். நான் முன்னும் பின்னுமாகச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். “வாந்தி எடுக்க வைக்காதீங்க. கையை நல்லா கழுவுங்க. முதல்ல அது ரேடியம்தானான்னு தெரியணும்மா. ஆமான்னா எங்க கூட்டிட்டுப் போகணும்னு அதுக்குள்ள நான் விசாரிச்சு வைக்கறேன்.”

எதிர் ஃப்ளாட்டில் இருப்பவர் பூந்தமல்லி சாலையில் உள்ள ஓர் எஞ்சினியரிங் கல்லூரியில் இயற்பியல் லேப் அட்டெண்டர். என் கணவர் போய்க் கதவைத் தட்டினார். அவர் கையில் பாதி வடையோடு வந்து கேட்டுக்கொண்டார்.

“கதிர்வீச்சு அளக்கற மெஷின்தானே? நம்ம லேப்ல கீது சார். ஆனா அது பூஜையில கீது.”

“அதனாலென்ன?” என்றார் கணவர்.

“அதனாலயா? சரி, மொதல்ல கெளம்பு, வழியில பேசிக்கலாம்.”

நான் அலறியதில் என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேனாம். என் கணவர் காம்பஸை இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கட்டினார். அலமாரிச் சாமான்களில் கைக்கு அகப்பட்டதையும் ஒரு பையில் அடைத்துக்கொண்டார். சாலை முழுக்க உடைத்த பூசணிக்காய். எதிரே வந்த ஆட்டோக்கள், வேன்கள் எல்லாவற்றிலும் வாழைக்கன்று. மகள் காரின் பின்சீட்டில் என் மடியில் உட்கார்ந்து பொரி கேட்டாள். கொடுக்கலாமா, வயிற்றில் இருப்பதை அது இன்னும் உள்ளே தள்ளுமா என்று யோசித்து, கொடுக்காமலே இருந்தேன். அவள் அழாமல் பூசணிக்காய்களை எண்ணிக்கொண்டு வந்தாள்.

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ரேடியமா? பைக்ல ஒட்டிகினு போவானுங்களே, அதுவா?” என்றார்.

“நீ கேட்டத் தொற நைனா, அப்பால பாடம் எடுக்கறேன்,” என்றார் எங்கள் அட்டெண்டர்.

லேபில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் நீளமான மேசை. ஒவ்வொரு கருவிக்கும் சந்தனம், குங்குமம். நாங்கள் தேடி வந்த மெஷின் கழுத்தில் சாமந்தி மாலையோடு கடைசியில் இருந்தது. அவர் அதன் முன் போய் நின்றார். கையை நீட்டினார், பிறகு மடக்கிக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். ஹெச்.ஓ.டி. மேடம் கையாலயே வெச்சாங்க. தெரிஞ்சா என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க.”

“அண்ணா,” என்றேன். மகளை அவர் பக்கம் திருப்பி நிறுத்தினேன்.

அவர் மகளைப் பார்த்தார். “சாமிய வடக்கால கொஞ்சம் நவுத்துனா பூஜை முடிஞ்ச மாதிரிதான். நம்ம ஊட்டுல அப்டித்தான் பண்ணுவோம். நவுத்திடலாம். வடக்கு எது?”

என் கணவர் ஜன்னலைக் காட்டினார். அட்டெண்டர் கரும்பலகையைக் காட்டினார். “இந்தக் கட்டடத்தையே கோணலா கட்டிகிறான் சார், ஒண்ணும் நம்ப முடியாது.”

பிறகு என் கணவர் அந்த இரண்டு பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே, மூடி திறந்தே கிடந்த காம்பஸில் திசை குறித்த அட்டை ஆடி ஆடி நின்றது. ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடுவில் இருந்தது வடக்கு. மெஷினை அந்தப் பக்கமாக ஒரு விரல்கடை நகர்த்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மாலையைக் கழற்றினார் அட்டெண்டர்.

“இன்னிக்கு வச்ச ஆயுதத்துல உருப்படியா வேலை செஞ்சது இது ஒண்ணுதான்,” என்றார் என் கணவர். என்னால் சிரிக்க முடியவில்லை.

மெஷினின் ப்ளக்கைச் சுவரில் செருகி, எதையும் வைக்காமல் முதலில் எண்ண விட்டார். பத்து நொடிக்கு மூன்று, நான்கு, இரண்டு. பிறகு கவரைப் பிரித்து, காம்பஸை, மெஷினின் கதிர்வீச்சை உணரும் குழாயின் கீழே வைத்தார். மூன்று, நான்கு, மூன்று. பொடியை ஒரு தாளில் தட்டி அதையும் வைத்தார். இரண்டு, நான்கு.

“ஒண்ணியும் இல்லம்மா. வெறும் காத்துக்கே இவ்ளோ வரும்.”

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். “மெஷின் சரியா வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அட்டெண்டருக்குக் கோபம் வரவில்லை. “கரெக்டு. இத்தினி வருஷத்துல ஒரு ஸ்டூடண்டு இத்தக் கேட்டதில்ல.” அதைச் சோதிக்கும் மாதிரிப்பொருள் பூட்டிய பெட்டியில் இருந்தது, சாவி மேடத்திடம். அதனால் எங்கள் பையில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தார். சாய்வு பார்க்கும் கருவிக்கு மூன்று. டம்பி லெவலுக்கு நான்கு. உயரமானியை வைத்ததும் எண்கள் சூடு வைத்த ஆட்டோ மீட்டரைப் போல ஓடின.

நான்கு பேரும் அதையே பார்த்தோம். அவர் அதை எடுத்துத் தூரமாக, ஜன்னல் மேடையில் வைத்தார். எண்கள் மறுபடி மூன்றுக்கும் நான்குக்கும் வந்தன.

“மெஷின் நல்லா கீதும்மா,” என்றார்.

அப்படியானால் மகள் தின்றது ரேடியம் இல்லை. அவளை மடியில் இழுத்துக்கொண்டு லேப் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“பின்ன இது என்னண்ணா?”

அவர் தாளில் இருந்த பொடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். குனிந்து முகர்ந்தார். தாளை என் மூக்கருகே நீட்டினார். பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தது போன்ற வாசனை, அதற்கு அடியில் சந்தனம்.

“சந்தனமும் துன்னூறும். இந்தக் காம்பஸ வெச்சிருந்தவன் வருஷா வருஷம் பூஜை போட்டுகிறான். ஒடைஞ்ச கண்ணாடி வழியா உள்ள உழுந்து காஞ்சுகீது.”

“துன்னூறுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?” என்றாள் மகள்.

நான் அழுதேன். அழுதுகொண்டே டாக்டருக்குப் போன் செய்தேன். விவரம் கேட்டு அவரும் பெருமூச்சு விட்டார். பழைய சந்தனத்தில் பூஞ்சை இருக்குமா என்று கேட்டேன். “சாயங்காலம் வரைக்கும் பாருங்க. இப்ப குழந்தைக்குச் சாப்பாடு போடுங்க, நீங்களும் சாப்பிடுங்க,” என்றார். அட்டெண்டர் மெஷினுக்கு மறுபடி மாலை போட்டு, தெற்கே ஒரு விரல்கடை நகர்த்தி, இருந்த இடத்திலேயே வைத்தார். திரும்பும் வழியில் மகள் ஒரு பை பொரியையும் தின்று தீர்த்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அன்று மாலை ஏரிக்கரையில் அவள் ஓடினாள், விழுந்தாள், எழுந்தாள். விழுந்ததற்குக்கூட நான் சந்தோஷப்பட்டேன்.

மிச்சம் இருப்பது உயரமானி. அதன் முள்ளிலும் எண்களிலும்தான் அந்தப் பூச்சு. கண்ணாடி உடையாமல், சாமானைத் திறக்காமல், தூங்கும் இடத்தில் வைக்காமல் இருந்தால் பயப்பட வேண்டாம் என்கிறார் அட்டெண்டர். ஒரு டின்னுக்குள் போட்டு, டேப் ஒட்டி, பால்கனிப் பரணில் ஏற்றியிருக்கிறேன். இதெல்லாம் தெரிவதற்கு முன், முள் நகர்வதைக் காட்ட அதை இரண்டு முறை மகள் கையில் கொடுத்திருக்கிறேன். அதைக் கணவரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். கண்ணாடி முழுசாக இருந்ததால் கவலை வேண்டாம் என்றார் டாக்டர். நம்பிவிட்டேன், ஏறக்குறைய.

காயலான் கடைக்கே திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. பித்தளைக்காகக் கடைக்காரர் சுத்தியலால் ஒரு போடு போடுவார், அவரும் மனைவியும் மதியம் அந்தத் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். வாட்ஸாப் குழுவில் விஷயத்தைச் சொன்ன பிறகும் இருவர் விலைக்குக் கேட்கிறார்கள். ஒருவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. மாநகராட்சிக் குப்பை வண்டியில் போடுவதை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. இரண்டு அலுவலகங்களுக்குப் போன் செய்தேன். இரண்டிலும் எடுத்தவர்கள் அன்போடு வேறு எண் கொடுத்தார்கள்.

இப்படி ஒன்று உங்களில் யாரிடமாவது இருந்திருந்தால், அதை யாரிடம் ஒப்படைத்தீர்கள்? தனி ஆள் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் இடம் இங்கே இருக்கிறதா? எப்படிப் பொதிந்து கொண்டுபோக வேண்டும், பஸ்ஸில் எடுத்துப் போகலாமா? கண்ணாடி இருக்கும்வரை பரணிலேயே வைத்திருக்கலாம் என்று நினைப்பவர்களும் தயங்காமல் எழுதுங்கள். எப்படி வைக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.