நோ வந்தபின் புறப்படும் ஊர்

எங்கள் குசினி யன்னலில் நின்றால் ஆஸ்பத்திரி தெரியும். நடந்தால் பத்து நிமிடம். ஆனால் இந்த நோர்வேயில், பிள்ளைப்பேற்று நோ தொடங்கிவிட்டது என்று தொலைபேசியில் சொன்னால், வீட்டிலேயே இருங்கள், சுடுதண்ணீரில் குளியுங்கள், ஏதாவது சாப்பிடுங்கள் என்கிறார்கள். அன்று காலையும் என் மனைவி தவத்திடம் கதைத்துவிட்டு அதைத்தான் சொன்னார்கள். வெள்ளைக்காரப் பெண்ணென்றால் இப்படிச் சொல்வார்களா என்று எனக்குச் சந்தேகம்.

இலங்கையில், கடல் நடுவே இருக்கும் எங்கள் ஊரான நெடுந்தீவில், மகள் வயிற்றில் இருந்தபோது, நாங்கள் நோவுக்காகக் காத்திருக்கவில்லை. பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரிக்குக் கடல் கடக்கவேண்டும்; வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. "நோவைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, கடலைப் பாருங்கோ" என்று ஊர் மருத்துவமாது விரட்டினார். மூன்று கிழமைக்கு முன்பே படகேறி, யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் போய் இருந்தோம். நோ வந்தபோது பெண்கள் தவத்தை ஆஸ்பத்திரிக்குள் கூட்டிப் போனார்கள். நான் வெளியே வாங்குப்பலகையில் இருந்தேன். எது பொய்நோ, எது மெய்நோ, தண்ணீர்க்குடம் உடைந்தால் எப்படி இருக்கும், ஒன்றும் எனக்குத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவன். அவளிடம் கேட்கவும் கூச்சம்.

இங்கே, அன்று காலை மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். பத்து மணிக்கு நோ ஐந்து நிமிடத்துக்கு ஒருதடவை வந்தது. நடந்தாலும் அடங்கவில்லை. திரும்பவும் தொலைபேசியை எடுத்து, இருவருக்கும் கேட்கும்படி போட்டு, மீன் தொழிற்சாலையில் பழகிய மொழியில் "நிறைய நோ, நிறைய நோ" என்றேன். மறுமுனையில் ஆஸ்பத்திரி மருத்துவிச்சி காலையைப் போலவே மனைவியிடம் கொடுக்கச் சொன்னார்.

"தவம், உமக்குப் பாஷை தெரியுமோ எண்டு சோதிக்கினம். கவனமாக் கதையும்."

"பிள்ளை பெறவும் சோதினையோப்பா?"

காலையில் என்ன சாப்பிட்டீர்கள், மகளுக்கு என்ன வயது என்று கேள்விகள். குடிவரவு அலுவலகத்தில் எங்களைத் தனித்தனியே இருத்தி, ஊர் வீட்டுக் கதவின் நிறம் வரை கேட்டது நினைவுக்கு வந்தது. "மகளுக்கு எட்டு வயது, அவள்..." என்று தொடங்கிய தவம் அலுமாரியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். நான் பதறி, மிச்சத்தைச் சொல்லப் போனேன்.

"நீங்கள் சொல்லவேண்டாம். பொறுங்கள்" என்றார் மருத்துவிச்சி.

மறுமுனை அமைதியாகக் காத்திருந்தது. தவம் ஒருவழியாக மூச்சை விட்டாள்.

"இப்போது வாருங்கள்."

வாகனத்தில் ஏறிய பிறகுதான் எனக்கு விளங்கியது. காலையில் தவம் நோவோடேயே கடைசிச் சொல்வரை கதைத்து முடித்திருந்தாள். இப்போது ஏலவில்லை. அந்த மருத்துவிச்சிக்குப் பதில்கள் தேவைப்படவில்லை. நோ வரும்போது பேச்சு நிற்கிறதா என்றே காதுகொடுத்திருக்கிறார்.

பின்னேரம் மகன் பிறந்தான். தாயும் பிள்ளையும் சுகம். நெடுந்தீவிலிருக்கும் மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எத்தினை நாளைக்கு முதல் ஆஸ்பத்திரிக்குப் போனனீங்கள்?"

"இண்டைக்குத்தான் மாமி. நோ கடுத்தாப்பிறகு."

"பொய் சொல்லாதேங்கோ தம்பி. என்னத்தையோ மறைக்கிறியள்."

"இல்லை மாமி, இஞ்சை அப்பிடித்தான். நல்லாத் தெரிஞ்சுதான் செய்யினம்."

என் சொந்தக்காரருக்காக வழக்காடுவதுபோல ஆஸ்பத்திரிக்காரருக்காக நெடுநேரம் கதைத்தேன். ஆனாலும் யாராவது வந்து எங்களை உடனே வீட்டுக்குப் போகச் சொல்வார்கள் என்ற பயத்தில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த உடுப்புப் பையை மட்டும் தோளிலிருந்து இறக்காமல் நின்றேன்.