கொடுக்காத தண்ணீர்

பேய், ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுகிற ஆள் நான். தி.நகரில் எங்களுக்கு ஜவுளிக்கடை. கடை வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குவதுகூட அப்பாவின் மனத்திருப்திக்காகத்தான். அதனால் இதைச் சொன்னால் நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள் என்று தெரியும். பாருங்கள், பரவாயில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை விழுந்ததால் டாக்டர் சொல்லித்தான் சைக்கிள் வாங்கினேன். வீடு மந்தைவெளி. விடியற்காலையில் கிளம்பி அடையாறு வரை போய் வருவேன். வழியில் பட்டினப்பாக்கம் டீக்கடையில் பழக்கமானவன்தான் அருள். படகுகளுக்கு ஐஸ் சப்ளை பண்ணுகிறவன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். எனக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்ததைப் பார்த்து அவனும் ஒன்று வாங்கினான். மூன்று வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து போகாத மண்பாதை செங்கல்பட்டுப் பக்கம் இல்லை.

எங்களை மாதிரி ஆட்களுக்கென்று வருடத்துக்கு ஒரு போட்டி நடக்கும். பெசன்ட் நகரில் கிளம்பி, கடலோரமாகப் போய், உள்ளே திரும்பி, ஏரிக்கரையும் செம்மண்ணும் சரளையுமாக ஓட்டி, மறுநாள் சாயங்காலத்துக்குள் திரும்பி வர வேண்டும். தூங்குகிற பை, பஞ்சர் சாமான், சாப்பாடு எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். வழியில் கடை இருந்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் தெரிந்தவர் யாரும் உதவக் கூடாது. கூட ஓட்டுகிறவனிடம் ஒரு பிஸ்கட் வாங்கினாலும் கொடுத்தவன், வாங்கியவன் இரண்டு பேருமே அவுட். ஆளுக்கொரு சின்னக் கருவி தருவார்கள். நாம் எங்கே போகிறோம் என்பதை வீட்டில் இருப்பவர்கள் போனில் ஒரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அந்தப் புள்ளியால்தான் அதற்கு முந்தின வருடம் என் மானம் போனது. நான் கோவளம் தாண்டி வந்துகொண்டிருந்ததைப் பார்த்த என் மனைவி கலை, பாவம், விஷயம் தெரியாமல் காரில் வந்து தயிர்சாதத்தோடு வழியில் நின்றுவிட்டாள். நானும் யோசிக்காமல் இறங்கி, மாவடுவைக் கடித்துக்கொண்டு முழு டப்பாவையும் காலி செய்தேன். யாரோ போட்டோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். முடித்தவர்கள் வரிசையில் என் பெயர் இல்லை. வருடம் முழுக்க டீக்கடையில் எனக்குத் ‘தயிர்சாதம்’ என்றே பெயர். அருளும் அப்படித்தான் கூப்பிட்டான், சிரித்துக்கொண்டேதான், ஆனால் எனக்கு உள்ளே எரியும்.

இந்த வருடம் எப்படியும் முடித்துவிடுவது என்று ஒரு வெறி. முதல் நாள் நன்றாகவே போனது. இரண்டாம் நாள் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு வற்றிய ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்தேன். உச்சிவெயில், மருந்துக்குக்கூடக் காற்று இல்லை. என்னிடம் மூன்று பாட்டில் தண்ணீர், அப்போதுதான் ஒரு பெட்டிக்கடையில் நிரப்பியிருந்தேன். கொஞ்சம் தூரத்தில் கருவேல நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். கிட்டே போனால் அருள். முகம் சிவந்துபோய் இருந்தது, வியர்வையே இல்லை.

“மச்சி, தல கிர்ருனு கீது. என்னுது காலி ஆயிடுச்சு. தண்ணி கீதா?”

அவன் கேட்டது இவ்வளவுதான். நான் சைக்கிளிலிருந்து காலைக்கூட முழுதாக ஊன்றவில்லை.

“குடுத்தா ரெண்டு பேரையும் தூக்கிடுவாங்கடா. அடுத்த ஊர்ல அடிபம்பு இருக்கு. கொஞ்சம் உட்கார்ந்துட்டு மெதுவா வா.”

“சரி, நீ போய்க்கினே இரு. நான் வந்துர்றேன்.”

அவன் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் இன்றைக்கும் தாங்கவில்லை. நான் மிதித்தேன். கொஞ்ச தூரம் போனதும் மனசு உறுத்தி, பிரேக்கைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளையாக வெயில் மட்டும்தான் தெரிந்தது. தலைசுற்றல்தானே, அவன் கடலில் வளர்ந்தவன், வெயில் அவனுக்கு என்ன புதிதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆபத்து என்றால் யாரும் யாருக்கும் உதவலாம் என்று விதியிலேயே இருக்கிறது, அது எனக்குத் தெரியும். தெரிந்தே அவனுக்கு ஆபத்து இல்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அங்கிருந்து அரைமணி நேரம் போயிருப்பேன். தொண்டை காய்ந்து ஒரு பாட்டிலை உருவினேன். காலி. அடுத்ததை எடுத்தேன், அதுவும் காலி. மூன்றாவதும் அப்படியே. நான் அதுவரை ஒரு வாய் குடிக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். மூடி மூன்றும் இறுக்கமாக இருந்தன. சைக்கிளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் என் கையுறை இரண்டும் நனைந்து, பிழிந்தால் தண்ணீர் வடிகிற மாதிரி இருந்தன. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். வியர்வை அப்படிச் சில்லென்று இருக்காது என்று அப்போதும் தெரியும். நாக்கு ஒட்டிக்கொண்டு அடுத்த ஊர் போய்ச் சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

சாயங்காலம் பெசன்ட் நகரில் முடித்தேன். மரத்தில் செய்த ஒரு பதக்கத்தைக் கழுத்தில் மாட்டி, வெளியார் உதவி எதுவும் வாங்கவில்லையே என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கலை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“காலைல இருந்து உங்க புள்ளியத்தாங்க பாத்துட்டே இருந்தேன். ஒரு இடத்துலகூட அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்கல. அந்த உச்சிவெயில்லகூட சரசரன்னு போயிட்டே இருந்தீங்க.”

பிறகுதான் சொன்னாள், அருளை மயக்கத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், இப்போது கண் முழித்துவிட்டான் என்று. கழுத்தில் கிடந்த பதக்கத்தை அவள் பார்க்காதபோது கழற்றிப் பையில் போட்டேன்.

அவன் வீட்டுக்குப் போகவே எனக்குக் கால் வரவில்லை. அவன் டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு ஒரு காலையில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பட்டினப்பாக்கம் போனேன். நேராக மன்னிப்புக் கேட்டுவிடுவது, அவன் மனைவி நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். கதவைத் திறந்த ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டாள்.

“வாங்கண்ணா. நீங்க மட்டும் இல்லேன்னா இவரு இன்னிக்கு எனக்கு இல்ல. தலையில விடாம தண்ணி ஊத்திகினே இருந்ததாலதான் பொழச்சாருன்னு டாக்டரே சொன்னாரு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எங்கே தண்ணீர் ஊற்றினேன்? அவள் பேசிக்கொண்டே போனாள்.

“நீங்க கரெக்டா போன் பண்ணி சொன்னீங்க. என் தம்பி அன்னிக்குக் கல்பாக்கம் பக்கம்தான் ஐஸ் இறக்கிகினு இருந்தான், அப்படியே வண்டியத் திருப்பிகினு போய்ட்டான். இவரு சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு கெடந்தாராம். நீங்க அதுக்குள்ள கெளம்பிட்டீங்களாம்.”

“நான் போன் பண்ணேனா?”

“இவரு போன்லேந்து பண்ணீங்களேண்ணா. ‘ஸ்டெல்லா, அருளுக்கு முடியல, உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிக்கரைக்கு யாரையாவது அனுப்பு’ன்னு. உங்க கொரலு எனக்குத் தெரியாதா இன்னா?”

நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே கட்டிலில் அருள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் பழைய சிரிப்பு. ஸ்டெல்லா காபி போடப் போனதும் நான் அவன் பக்கத்தில் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் அங்கே இருக்கவில்லை, உனக்குத் தண்ணீர் தராமல் போனவன்தான் நான், திரும்பி வரவே இல்லை என்று. வேண்டுமானால் கலையைக் கேள், என் புள்ளி வந்த வழியே திரும்பிப் போகவே இல்லை என்றேன்.

அருள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“ரூல்ஸுக்குப் பயந்துகினு பேசுற. எனக்குத் தெரியாதா? மொதல்ல போன, அப்பால திரும்பி வந்த, என் தலைய மடில வெச்சுகினு குந்தியிருந்த. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் மச்சி. உன் மெடலு உனக்குத்தான்.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லச் சொல்ல அவனுக்கு என் மேல் மரியாதைதான் கூடிக்கொண்டே போனது. உதவியும் செய்துவிட்டு, செய்யவில்லை என்கிறாரே என்று ஸ்டெல்லாவும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் நன்றி சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு கூசியது. கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

கிளம்பும்போது அருள் மெதுவாக நடந்து தெருமுனை வரை வந்தான். எதிரே மீன் விற்கிறவர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் என் தோளில் கை போட்டான்.

“மச்சி, அன்னிக்கு அங்க குந்திகினு எங்கிட்ட சொன்னியே, அத மனசுல வெச்சுகினு கஷ்டப்படாத.”

“என்னடா சொன்னேன்?”

“சர்ச்சுல சாமியாருகிட்ட சொல்றா மாறி, அழுதுகினே, ஒண்ணு விடாம சொன்ன. கேக்க சொல்லோ எனக்கு வலிச்சுது, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அங்கியே மன்னிச்சுட்டேன். இனிமே அதப் பத்தி நீயும் பேசாத, நானும் பேச மாட்டேன்.”

தண்ணீர் தராமல் போனதைத்தான் சொல்கிறான் என்று முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அவனைப் பொறுத்தவரை நான் திரும்பி வந்து தண்ணீர் தந்தவன், முதலில் விட்டுப் போனதோ அவன் கண்ணெதிரே நடந்தது, அதை அழுதுகொண்டே சொல்ல வேண்டியதில்லை. அப்படியானால் மன்னிக்க வேண்டியது வேறு ஏதோ. அவனிடம் நான் மறைத்து வைத்திருப்பவை இரண்டு மூன்று இருக்கின்றன, உங்களிடமும் சொல்ல மாட்டேன். அதில் எது அவனுக்குத் தெரியும், எது தெரியாது? கேட்டால், அவனுக்குத் தெரியாதது இன்னும் இருக்கிறது என்று நானே காட்டிக் கொடுத்தது போல் ஆகிவிடும்.

இப்போதும் வாரத்தில் நாலு நாள் சேர்ந்துதான் ஓட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வஞ்சிரம் கொடுத்தனுப்புகிறாள், கலை வறுத்துப் போடுகிறாள், நான் சாப்பிடுகிறேன். டீக்கடையில் யாராவது என்னைத் ‘தயிர்சாதம்’ என்று கூப்பிட்டால் அருள் கோபித்துக்கொள்கிறான். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வையில் ஒரு இரக்கம் இருக்கிறது. எதற்காக என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.