இடைவேளைக்கு முன் செத்துப்போகும் கதாநாயகி

போன ஐப்பசியில் நடந்தது இது. கொல்லிமலையில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்கள். குண்டூர் நாட்டுப் பக்கம் சில ஊர்களுக்கு நான்தான் கிராம சுகாதார செவிலியர். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மலைக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று அழுதேன். இப்போது நாலு வருஷம் ஓடிவிட்டது. கீழே இறங்கினால் வெயில் தாங்கவில்லை என்று நானே புலம்புகிறேன்.

எனக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு சினிமா. மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது பஸ் பிடித்துக் கீழே போய், தோழி வீட்டில் தங்கி, புதுப்படம் ஒன்று பார்த்துவிட்டு, ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய்விட்டு மலையேறுவேன். கேமரா, எடிட்டிங் பற்றியெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது. படம் ஓடும்போது எத்தனை தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான் என் விமர்சனம்.

மலையில் இது என் வேலைக்குப் பெரிய உதவியாக இருந்தது. குழந்தைக்கு எடை பார்க்கப் போனால், பெண்கள் முதலில் கேட்பது படத்தைப் பற்றித்தான். "இந்த வாரப் படம் எப்படிங்க நர்சம்மா?" என்பார்கள். நான் தீர்ப்புச் சொன்ன பிறகு செல்போனில் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மலை பங்களாவில் பேய் வரும் படம் ஒன்று நன்றாக ஓடியது. நான் பயந்துகொண்டே பார்த்தேன். இங்கே ஒருத்தி, "அத்தாம் பெரிய மலையில ஒரு குச்சிக்கிழங்குச் செடி கூட இல்லீங்களே, பேய் எதத் தின்னு உயிர் வாழுதுங்க?" என்று கேட்டாள். மரவள்ளியை இங்கே குச்சிக்கிழங்கு என்பார்கள். இன்னொரு படத்தில் ஹீரோ விவசாயி. ஏர் ஓட்டி முடித்து வரும்போதும் சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. அந்தப் படத்தைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்கள்.

அந்த வருஷம் பெரிய ஹீரோ படம் ஒன்று வந்தது. ஹீரோவின் மனைவி பிரசவத்துக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அங்கே நடக்கும் அநியாயத்தில் இறந்துபோகிறாள். இடைவேளை. இரண்டாம் பாதி முழுக்க ஹீரோ தாடி வளர்த்துக்கொண்டு பழிவாங்குகிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கியே பத்துப் பேரை அடிக்கும் சண்டைக்குத் தியேட்டரே அதிர்ந்தது. நான் ஒரு தடவை கூடக் கடிகாரம் பார்க்கவில்லை. இரண்டாவது தடவையும் போய்ப் பார்த்தேன். மேலே வந்து, "கட்டாயம் பாருங்க" என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் பொறுப்பில் இருந்த ஒரு பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியது. தலைப்பிரசவம். இருபத்திரண்டு வயது இருக்கும். கணவர் மிளகும் குச்சிக்கிழங்கும் போடும் விவசாயி, அமைதியான மனிதர். ஸ்கேனில் குழந்தையின் தலை மேலேயும் கால் கீழேயும் இருந்தது. திரும்பும் என்று காத்திருந்தோம். திரும்பவில்லை. வலி வரும்வரை மலையில் வைத்திருக்கக் கூடாது, முன்கூட்டியே கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்துவிடலாம் என்று அங்கே இருக்கும் மகப்பேறு டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

இந்தப் பெண் வர மறுத்துவிட்டாள்.

இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன். கணவரை உட்கார வைத்து, கால் முதலில் வந்தால் தலை மாட்டிக்கொள்ளும், இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று விளக்கினேன். அவர் தலையைத் தலையை ஆட்டினார். "எனக்குப் புரியுதுங்க. அவதான் மாட்டேங்கறா. அந்தப் படத்தப் பார்த்ததிலிருந்து ஒரே பிடிவாதமுங்க" என்றார். அவள் உள்ளே அடுப்படியில் இருந்தாள். வெளியே வரவே இல்லை. எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவில் வலியோடு ஒரு பெண்ணை இறக்குவது எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது தடவை போனது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். நல்ல மழை. அவள் ஆசாரத்தில், முன்கூடத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நானும் குடையை மடக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கர்ப்பிணி அட்டை, விளக்கப்படம், அறிவுரை எதையும் எடுக்கவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"அந்தப் படம் நல்லாருக்குதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"ஆமா, நல்லாத்தான் இருந்துச்சு."

"அதுல அந்தப் புள்ள ஆஸ்பத்திரிக்குப் போயித்தானுங்க செத்துப்போச்சு."

"அவ சாகலைன்னா ரெண்டாம் பாதியில ஹீரோவுக்கு என்ன கண்ணு வேலை? அவர் தாடியை எப்படி வளர்க்கறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டேன். சமீபத்தில் வந்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். ஒருத்தி கார் வெடித்துச் செத்தாள். ஒருத்தி ஹீரோவுக்கு வந்த குண்டைத் தன் நெஞ்சில் வாங்கினாள். ஒருத்திக்கு என்ன வியாதி என்றே சொல்லவில்லை, ஒரு பாட்டு முழுக்க இருமிவிட்டுப் போய்விட்டாள். வாசலில் நின்றிருந்த கணவர் கூட, "அந்த லாரி டிரைவர் படத்துலயும் சம்சாரத்த முதல்லயே முடிச்சுட்டாங்க" என்று எடுத்துக்கொடுத்தார். இந்தக் காலத்துப் படங்களில் கதாநாயகி பாட்டுக்கு வருகிறாள், இடைவேளைக்கு முன்னால் செத்துப்போகிறாள் என்று மூன்று பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம்.

"அப்ப அவளக் கொன்னது ஆஸ்பத்திரி இல்லீங்க, கதை எழுதுனவன்" என்றாள் அவள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். "அப்போ திங்கட்கிழமை கிளம்பலாமா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"செத்ததப் பார்த்து நான் பயப்படலீங்க நர்சம்மா. சினிமான்னு எனக்குத் தெரியாதுங்களா? அந்த ஆஸ்பத்திரி சீன் எத்தன நேரம் வருது. டாக்டர் பேசறாரு. அவ புருசன் பேசறான். மாமனாரு பேசறாரு. அவகிட்ட ஒருத்தராச்சும் பேசுனாங்களா? உன்ன என்ன பண்ணப்போறோம்னு ஒரு வார்த்த சொன்னாங்களா? அவ பாட்டுக்கு மல்லாக்கப் படுத்து, மேல ஓடற லைட்டப் பார்த்துக்கிட்டே போறா. அதப் பார்த்துத்தானுங்க நான் வரமாட்டேன்னேன்."

அந்தக் காட்சியை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். நானே ஒரு நர்ஸ். எனக்கு அது கண்ணில் படவில்லை. ஹீரோ வராந்தாவில் ஓடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிட ஒன்று அப்போது உறைத்தது. இரண்டு தடவை இந்த வீட்டுக்கு வந்து, இவள் வயிற்றைப் பற்றி நான் பேசியதெல்லாம் இவள் கணவரிடம்.

கணவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். தலையணையை எடுத்து வைத்து, குழந்தை எப்படி உட்கார்ந்திருக்கிறது, ஏன் திரும்ப இடமில்லை என்று காட்டினேன். முதுகில் ஊசி போடுவார்கள், இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், ஆனால் நீ முழித்துக்கொண்டுதான் இருப்பாய், குழந்தை அழுவது உனக்குக் கேட்கும் என்றேன்.

"முழிச்சிட்டுத்தான் இருப்பனா?" என்று நிமிர்ந்தாள். படத்தில் மயக்கம் கொடுத்துவிடுகிறார்கள். இதுதான் அவளுக்குப் பெரிய சமாதானம் போலிருந்தது. அதற்குப் பிறகு கேள்வி மேல் கேள்வி. எவ்வளவு நீளம் அறுப்பார்கள், மறுபடி எப்போது காட்டு வேலை செய்யலாம், அடுத்த குழந்தைக்கும் அறுக்க வேண்டி வருமா. தெரிந்ததைச் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த வீட்டில் டவர் கிடைக்காது. மூன்று பேரும் குடையோடு மேட்டில் இருக்கும் பாறைக்கு ஏறி, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம். அவர் வேலை நடுவில் இருந்தார். "பேஷண்ட்டே கேக்கறாங்களா? குடுங்க" என்றார். நனைந்துகொண்டே இவள் கேட்டாள், அவர் பொறுமையாகச் சொன்னார். போனை என்னிடம் திருப்பித் தரும்போது, "வாரேனுங்க. ஆனா என்ன செஞ்சாலும் எங்கிட்டச் சொல்லிப்போட்டுச் செய்யோணும்" என்றாள்.

திங்கட்கிழமை போவதாக ஏற்பாடு. அந்த வாரம் நான் படத்துக்குக் கீழே போகவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவளுக்கு வலி எடுத்துவிட்டது.

ஆம்புலன்ஸ் வந்து கிளம்பியபோது மலை முழுக்கப் பனி மூட்டம். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும்போது அவள் என் கையை நெரித்தாள். நான் சோதித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன், இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அதிகம் இல்லை. வலியை மறக்கட்டும் என்று, "எதாவது படக் கதை சொல்லு" என்றேன். அவள் அதே படத்தைச் சொன்னாள், தன் இஷ்டத்துக்கு மாற்றி. இவள் கதையில் அந்தப் பெண் பிழைத்துக்கொள்கிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பழிவாங்க ஆள் இல்லாததால் ஹீரோ ஏலத்துக்குப் போகும் மிளகு மூட்டையைத் தூக்கப் போகிறார். நடுநடுவே வலி வந்தால் நிறுத்தி, மூச்சு விட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த கணவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பாதி மலை இறங்கியிருப்போம், வண்டி நின்றது. கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வளைவில் குறுக்கே நின்றுபோயிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மேலே ஏறி வந்த பஸ். டிரைவர் இறங்கி ஓடி, உள்ளே பிரசவ வலியில் பெண் இருக்கிறாள் என்று சொன்னார். பஸ்ஸில் இருந்த அத்தனை ஆண்களும், சில பெண்களும் இறங்கிவிட்டார்கள். மூட்டைகளைப் பாதி இறக்கி, லாரியைத் தோள் கொடுத்து ஓரமாகத் தள்ளினார்கள். நாங்கள் ஒட்டி உரசிக் கடந்தபோது ஒரு பெரியவர் ஜன்னலைத் தட்டி, "தைரியமாப் போ சாமி" என்றார்.

காளப்பநாயக்கன்பட்டி தாண்டிச் சமதளத்தில் வண்டி பறந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் மாற்றி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அன்று டாக்டரம்மா இருந்தார், கிளம்பும் முன்பே நான் போனில் சொல்லியிருந்தேன். வேகமாக வந்தவர் பழக்கத்தில் கணவர் பக்கம் திரும்பி, "உடனே ஆபரேஷன் பண்ணணும், லேட் பண்ண முடியாது" என்று ஆரம்பித்தார்.

ஸ்ட்ரெச்சரில் இருந்து குரல் வந்தது. சத்தமாக இல்லை, ஆனால் தெளிவாக.

"ஏனுங்க டாக்டரம்மா, எங்கிட்டச் சொல்லுங்க. எனக்குத்தானுங்களே பண்ணப்போறீங்க."

வராந்தாவில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா ஒரு நொடி நின்றார். அப்புறம் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "பாறை மேல இருந்து பேசின பொண்ணா நீ? சரிம்மா, கேளு" என்று, என்ன ஊசி, எங்கே கத்தி வைப்பது, யார் யார் உள்ளே இருப்பார்கள் எல்லாம் சொன்னார். ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். இவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிங்க. பண்ணுங்க" என்றாள்.

எத்தனையோ ஹீரோக்கள் புழுதி பறக்க நடந்து வருவதைத் தியேட்டரில் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன். மல்லாக்கப் படுத்தபடியே ஒருத்தி இப்படி ஒரு வராந்தாவைத் தன் பக்கம் திருப்பியதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு விசில் அடிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் வேலை போனாலும் பரவாயில்லை என்று அடித்திருப்பேன்.

பெண் குழந்தை. மலைக்கே கேட்கிற மாதிரி அழுதது. மயக்கம் இல்லாமல், குழந்தையின் முதல் அழுகையைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்திருக்கிறாள் தாய். வார்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "ஒவ்வொண்ணுக்கும் சொல்லிச் சொல்லித்தானுங்க செஞ்சாங்க" என்பதுதான். கணவர் மூலையில் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குழந்தை இப்போது தவழ்கிறது. தடுப்பூசி நாளில் இவள் வந்தால் சீக்கிரம் போவதில்லை. கர்ப்பிணிகள் நடுவே உட்கார்ந்துகொண்டு, "பயமா இருந்தா பயமா இருக்குதுன்னு சொல்லு. என்ன பண்ணப்போறீங்கன்னு கேளு. கேட்டா சொல்லுவாங்க" என்று பேசுகிறாள். நான் கீழே போகச் சொன்ன யாரும் அதற்குப் பிறகு மறுக்கவில்லை. அவர்கள் கேள்விகளோடு போகிறார்கள். டாக்டரம்மா கூட, "உங்க மலைக்காரங்க வந்தா நான் தயாரா இருக்கணும்" என்று போனில் சிரிக்கிறார்.

படம் பார்த்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு காட்சியில் யாரிடம் யாருமே பேசவில்லை என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அந்தப் பார்வை தியேட்டரோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எனக்கு முன்னால் உள்ளே போகிறது.